சில்லு மந்திரியும் வெள்ளிக்கிழமைப் புளியும்

ஜூன் 14, சனி

இதனால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில்: கந்தப்பளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல்லய வரிசை வீடுகளில், ஏழாம் காம்பராவில் வசிக்கும் அழகன் ஆகிய நான், ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை சும்மா இருந்து அம்மாவிடம் ஏச்சு வாங்கும் பதவியிலிருந்து விலகி, இன்று காலை 9.10 மணி முதல் சித்தப்பாவின் காருக்குச் சில்லு மந்திரியாக, அதாவது நாலு சக்கரத்துக்கும் காவலனாகப் பொறுப்பேற்றுக்கொண்டேன். பிரமாணம் வாளிமேல் கைவைத்துச் செய்யப்பட்டது. விழாவில் தங்கச்சி ஷாமிலாவும் ஒரு கோழியும் கலந்துகொண்டனர். கோழி பாதியில் எழுந்து போய்விட்டது.

"அது பதவி இல்ல, தண்டன" என்கிறாள் ஷாமிலா. பன்னிரண்டு வயதுக்கு வாய் அதிகம்.

தண்டனை என்று சொல்வோரும் உண்டுதான். கணேசமூர்த்தி சித்தப்பா பதினொரு வருடம் கொழும்பில் யார் யாருடைய காரையோ ஓட்டிவிட்டுப் போன மாதம் சொந்தமாக ஒன்று வாங்கினார். வாங்கிய மூன்றாம் நாளே நான் பின்னால் ஒரு L பலகை ஒட்டிவிட்டேன். அது தெரியாமல் நுவரெலியா டவுன் முழுக்கச் சுற்றி வந்திருக்கிறார். போலீஸ்காரர் நிறுத்தி, சிங்களத்தில், "ஓட்டப் பழக்குற மாஸ்டர் எங்க?" என்று கேட்டாராம். பதினொரு வருட டிரைவரிடம்!

கார் பழையது. ஆனால் நாலு சில்லும் அலோய். வெள்ளி நிறம், நட்சத்திரம்போல ஐந்து கால். இறம்பொடை இறக்கத்தில் பிரேக்கை அமத்தி அமத்திப் போய் வந்தால் நட்சத்திரம் நாலும் கரிச்சட்டி ஆகிவிடுகிறது. பிரேக் தேய்ந்து வரும் கறுப்புத் தூள் அது.

சித்தப்பாவின் உத்தரவு: "சில்லு ஆறுனதும் தண்ணி ஊத்து. மெத்துன்னு ஒரு துணியால தொட. வேற ஒன்னும் செய்யாத. கழுவுறதெல்லாம் செல்லசாமி பார்த்துக்குவான்."

செல்லசாமி மாமா ரோட்டு வளைவில், மலைத்தண்ணீர் பீலியாக விழும் இடத்தில், வாகனம் கழுவும் கடை வைத்திருக்கிறார். சித்தப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். அந்த வளைவைக் கடக்கும்போதெல்லாம் சித்தப்பா இரண்டு தடவை ஹோர்ன் அடிப்பார். மாமா வாளியைத் தூக்கிக் காட்டுவார்.

ஜூலை 6 பக்கத்துக் காம்பரா ஜீவராணி அக்காவுக்குக் கல்யாணம். மண்டபம் இறம்பொடையில். மணப்பெண் போகும் கார் எங்கள் கார். அக்காவுக்குக் கூடப்பிறந்த தம்பி கிடையாது. ஆகவே தம்பி முறைக்கு முன்சீட்டில் யார்? வேறு யார்!

ஜூன் 17, செவ்வாய்

மந்திரியான பின் செய்த சாதனைகள்: ஒன்றுமில்லை. மந்திரி என்றால் அப்படித்தான் என்று ஷாமிலா ஆறுதல் சொன்னாள்.

ஜூன் 20, வெள்ளி

இன்று ஒரு கண்டுபிடிப்பு. பிறகு ஒரு கண்கலங்கல்.

வெள்ளிக்கிழமை என்பதால் அம்மா வாசலில் உட்கார்ந்து குத்துவிளக்குத் துலக்கினாள். புளி, அடுப்புச் சாம்பல், தேங்காய்த் தும்பு. பத்து நிமிடத்தில் கறுத்துக் கிடந்த பித்தளை தங்கமாகிவிட்டது. நான் விளக்கைப் பார்த்தேன். சில்லைப் பார்த்தேன். இரண்டும் பளபளக்கும் சாதி. மூளை என்றால் இப்படி இருக்க வேண்டும்!

அம்மா கொழுந்து பறிக்கப் போனதும் மீதிப் புளியைக் கரைத்து, சாம்பல் போட்டுக் குழைத்து, முன் இடது சில்லில் அப்பினேன். ஊறட்டும் என்று ரொட்டி சாப்பிட்டு வந்தேன். பிறகு தும்பால் தேய்த்தேன். எப்படி? பரீட்சைக்கு இப்படித் தேய்த்திருந்தால் ஒன்பது ஏ.

தண்ணீர் ஊற்றியதும் ஜொலித்தது. கைதட்டிக்கொண்டேன்.

காய்ந்தது.

பனி இறங்கின மலைபோல ஒரு மங்கல். துடைத்தேன், போகவில்லை. வெயிலில் சாய்ந்து பார்த்தால் வட்டம் வட்டமாகக் கோடு — பூனை பிறாண்டின மாதிரி. ஐயோ. சில்லுக்கு மேலே கண்ணாடிபோல ஒரு பூச்சு இருக்குமாம், சாம்பல் அதைக் கீறிவிட்டது. இதை எல்லாம் முடிந்தபிறகுதான் போனில் தேடிப் பார்த்தேன். எந்த அறிவாளி முடிந்தபிறகு தேடுவான்? நான்தான்.

நல்லவேளை, காரை எப்போதும் இடப்பக்கம் மண்மேட்டோடு ஒட்டித்தான் நிறுத்துவோம். என்னோடு படித்த சுமன் மட்டும் எட்டிப் பார்த்து, "இதென்னடா இப்படி?" என்றான்.

"மெட் ஃபினிஷ்டா, மங்கலாத்தான் இருக்கும். ஜப்பான்ல இப்ப இதுதான்."

நம்பிவிட்டான். விலை வேறு கேட்டான்.

ஜூன் 21, சனி

சித்தப்பா விடியவே வாடகை ஹயர் போய்விட்டார். அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மந்திரிசபை தப்பியது.

ஜூன் 22, ஞாயிறு

தப்பவில்லை. ஆனால் மாட்டியது நான் அல்ல.

சித்தப்பா காரைக் கழுவக் கொண்டுபோனார். நானும் போனேன். செல்லசாமி மாமா கழுவி முடித்து, துடைத்து, "வா மச்சான், மொகம் பாரு" என்று கூப்பிட்டார். சித்தப்பா காரைச் சுற்றி வந்தார். முன் இடது சில்லருகே நின்றுவிட்டார்.

"என்னத்தடா ஊத்துன? ஆசிட்டா?"

"ஆசிட்டா? ஏங் கடையில ஆசிட் போத்தல் பாத்திருக்கியா நீ?"

"அப்ப இது வானத்துல இருந்தா வந்துச்சு? காலையில நல்லாத்தான் இருந்துச்சு."

(காலையில் அவர் பார்க்கவே இல்லை. எனக்குத் தெரியும்.)

"பதினாலு வருசமா கழுவுறேன் மூர்த்தி. லொறிக்குப் போடுற சோப்பக்கூட ஒங் காருக்குப் போட்டதில்ல."

"இனிமே போட வேணாம். வரமாட்டேன்."

அங்கே இன்னும் இரண்டு டிரைவர்மார் நின்றார்கள். "ஆசிட்" என்றதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் என்ன செய்தேன்? காருக்குள் உட்கார்ந்து ரேடியோச் சத்தத்தைக் கூட்டினேன்.

திரும்பி வரும்போது அந்த வளைவில் ஹோர்ன் இல்லை.

ஜூன் 25, புதன்

நிலைமை மோசம். ஜீவராணி அக்காவுக்கு செல்லசாமி மாமா சொந்தத் தாய்மாமன். மாமன்தான் கையைப் பிடித்துப் பெண்ணைக் காரில் ஏற்ற வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து போகவும் வேண்டும். அவரோ, "ஆசிட் ஊத்துறவன் அந்தக் காருல ஏறலாமா? நா பஸ்ல வர்றேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அக்காவின் அம்மா, அப்படியானால் வேறு கார் பார்க்கிறோம் என்கிறார். வேறு கார் என்றால் சித்தப்பாவுக்கு இந்த லயத்தில் என்ன முகம்? அவருடைய சொந்தக் காரில் முதன்முதலாக ஏறப்போகும் மணப்பெண்.

மாமாவின் கடைக்கு நேற்றிலிருந்து இரண்டு த்ரீவீல் ஆட்டோ வருவதில்லையாம்.

எல்லாம் ஓர் எலுமிச்சங்காயளவு புளியால்.

ஜூன் 28, சனி

கேலி பகிடி விட வாய் வரவில்லை. அம்மா நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் ஜீவராணி அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றார். "மாமா கை புடிக்காம நா எப்புடி தம்பி ஏறுவேன்?" என்று என்னிடமே கேட்டார். என்னிடமே!

நாளைக்குச் சொல்லிவிடுவது. கட்டாயம். அநேகமாக.

ஜூன் 29, ஞாயிறு

சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை!

காலையில் சித்தப்பா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "சித்தப்பா, அந்தச் சில்லக் கெடுத்தது நாந்தான். புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சேன்" என்றேன். தேநீர் மூக்கில் ஏறுமளவு சிரித்தார். பிறகு கோபம். "L பலகை ஒட்டுன மாதிரி இதுவும் ஒரு வெளையாட்டா? ரெண்டு பேரையும் சேத்து வைக்கப் பொய் சொல்றியோ? போடா!"

ஓட்டமாக வளைவுக்குப் போனேன். மாமா வாளி கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஒஞ் சித்தப்பன் அனுப்புனானா?"

"இல்ல மாமா, சத்தியமா."

"மன்னிப்பு கேக்க வக்கில்லாம சின்னப் பயல தூது விடுறானா? புளியாம், சாம்பலாம். ரசம் வச்சானாமா சில்லுக்கு?"

வாழ்க்கையில் முதன்முறை உண்மை பேசுகிறேன், அதற்கு இவ்வளவு மரியாதை. கடைசியில், "வந்து பாருங்க மாமா, பொய்னா என்னய பீலிக்குள்ள தள்ளுங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன். தள்ளும் ஆசையிலோ என்னவோ, வந்தார்.

லயத்து வாசலில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மண்மேட்டு இடுக்கில் புகுந்து சில்லுக்கு முன்னால் குப்புறப் படுத்தேன். ஐந்து நட்டும் ஐந்து குழிக்குள் இருக்கின்றன. முதல் குழி — ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று — இல்லை. முதுகுக்குப் பின்னால் சித்தப்பா பெருமூச்சு விட்டார். நாலாவது குழியில் விரலை விட்டுக் கிண்டினேன். ஒரு தும்பு இழை வந்தது. அதன் பின்னால், அழகாக, பழுப்பாக, ஒரு புளியங்கொட்டை.

மாமா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சித்தப்பா அந்தக் கையைப் பார்த்தார்.

"ஆசிட் போத்தல் இதுதானாடா மச்சான்?" என்றார் மாமா.

சித்தப்பா முகத்தைத் துடைத்தார். "ஒன்னயப் போயி... நாலு பேருக்கு முன்னாடி..." மாமாவின் தோளைப் பிடித்தார். "அந்த நாலு பேருக்கு முன்னாடியே வந்து சொல்றேன்டா. இப்பவே வா."

"மொதல்ல தேத்தண்ணி குடு. ஏத்தத்துல ஓடி வந்திருக்கேன்."

என்னை அடிக்கவில்லை. ஆனால் உள்ளேயிருந்து அம்மா, "அடப்பாவி, வெளக்குப் புளி எங்க போச்சுன்னு ஒரு வாரமா எலிய ஏசிக்கிட்டு இருக்கேன்!" என்று அகப்பையோடு வந்தாள். அடி அங்கேயிருந்துதான் கிடைத்தது.

சித்தப்பா சொன்னபடியே கடைக்குப் போய், டிரைவர்மாரிடம் சொன்னார். வளைவில் ஹோர்ன் இரண்டு தடவை. எங்கள் வாசல்வரை கேட்டது.

ஜூலை 2, புதன்

செல்லசாமி மாமா ஒரு போத்தல் சோப்பும் ஒரு டப்பா பொலிஷும் கொடுத்தனுப்பினார். "மேல எழுதியிருக்கு, வாசிச்சிக்க" என்று மட்டும் சொன்னார். எழுதியிருப்பது இங்கிலீஷில். இங்கிலீஷ் தெரிந்தது ஷாமிலாவுக்குத்தான். அவள் படிக்கட்டில் ராணிபோல உட்கார்ந்து வாசிக்க, நான் கீழே மண்டியிட்டுச் செய்தேன். மந்திரிக்கு மேலே ஒரு மகாராணி!

"சில்லு சூடா இருக்கக்கூடாது. தொட்டுப் பாரு."

"ஆறிருச்சு."

"மொதல்ல வெறும் தண்ணி. மண்ணெல்லாம் போகட்டும். மண்ணோட தேச்சா கீறும். ஒனக்குத்தான் அது நல்லாத் தெரியுமே."

சோப்புக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி. உடம்புக்கு வேறு துணி, சில்லுக்கு வேறு துணி. துணி கீழே விழுந்தால் அது அன்றைக்கு அவ்வளவுதான், ஒரு மணல் போதும். சோப்பு காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். நட்டுக் குழிக்கு மெத்தென்ற பிரஷ். (குழிக்குள் வேறு கொட்டை இல்லை. பார்த்துவிட்டேன்.) பிறகு அந்த ஒரு சில்லுக்கு மட்டும் பொலிஷ், மெல்லத் தேய்த்துத் தேய்த்து, மூன்று தடவை. கை கழன்றது. மங்கல் போய்விட்டது! கிட்டப் போய்ப் பார்த்தால் நாலைந்து கோடு மட்டும் ஞாபகத்துக்கு இருக்கிறது.

சுமன் வந்தான். "மெட் ஃபினிஷ் எங்கடா?" என்றான். அவனுடைய அப்பாவின் த்ரீவீல் சில்லில் சாம்பல் போட்டுவிட்டானாம். அதிலும் ஒரு பகுதி என் கணக்கில்.

ஜூலை 5, சனி

முடிந்தது! நாலு சில்லையும் தனியாளாகக் கழுவி, துடைத்து, மெழுகு தடவி மினுக்கிவிட்டேன். மெழுகு இருந்தால் கறுப்புத் தூள் ஒட்டாது, வெறும் தண்ணீருக்கே கழன்றுவிடும். குனிந்தால் மீசை தெரிகிறது. (வரப்போகும் மீசை.) கந்தப்பளை முதல் இறம்பொடை வரை இப்படி ஒரு சில்லு மந்திரி இருந்ததில்லை, இனி இருக்கப்போவதுமில்லை. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பார்களா, சில்லைப் பார்ப்பார்களா, அதுதான் என் கவலை.

ஜூலை 6, ஞாயிறு

கல்யாணம் ஜாம் ஜாம். செல்லசாமி மாமா ஜீவராணி அக்காவின் கையைப் பிடித்துக் காரில் ஏற்றினார். அக்கா அழுதுகொண்டே சிரித்தார். முன்சீட்டில் வேட்டி கட்டிய நான். இறம்பொடை இறக்கத்தில் பின்சீட்டிலிருந்து மாமா, "மச்சான், கியரக் கொறச்சு வுடு, பிரேக்க அமத்திக்கிட்டே போகாத. பய கழுவுன சில்லு" என்றார். "ஆசிட் கடக்காரரு சொன்னாச் சரி" என்றார் சித்தப்பா. மழைகூட மண்டபம் வரும்வரை காத்திருந்தது. எவ்வளவு பெருமை!

இத்தோடு நிறுத்தலாம்.

நிறுத்த முடியவில்லை.

மண்டப வாசலில் காரைத் திருப்ப, ரிவர்ஸ் பார்க்க நான்தான் குதித்து இறங்கினேன். "வரட்டும்... வரட்டும்... ரைட்ல ஒடிங்க... வரட்டும்..." அப்போது மாப்பிள்ளை வீட்டுப் பெண்பிள்ளை ஒன்று, "சில்லு புதுசா?" என்று கேட்டது. நான் திரும்பி, வேட்டியைச் சரிசெய்து, "பழசுதான். நாலும் நாந்தான் கழு—"

கிர்ர்ர்ர்ர்.

வடிகான் ஓரத்துக் கல். முன் இடது சில்லு. அதே சில்லு. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல், எந்தப் பொலிஷுக்கும் போகாதது.

இன்னொன்று. நேற்று "தனியாளாக" என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா? பின்பக்கம் இரண்டும் ஷாமிலா கழுவியது. அந்த இரண்டிலும் ஒரு கோடுகூட இல்லை.

சித்தப்பா கதவைத் திறந்து இறங்கினார். மாமாவும் இறங்கினார். அக்கா கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார். இருவரும் குனிந்து கல்லைப் பார்த்தார்கள், சில்லைப் பார்த்தார்கள். அவர்கள் நிமிர்வதற்குள் நான் சொல்லிவிட்டேன்:

"நாந்தான்."

இந்தத் தடவை ஒருவரும் சாட்சி கேட்கவில்லை.