அடுப்புக்கு முன்னால் கடல்

மார்ச் 3, செவ்வாய்

அத்தான் இன்று ‘இயற்கை’ என்ற சொல்லைப் பதினேழு முறை சொன்னார். எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், வேறென்ன செய்ய? அவரும் அக்காவும் தீவில் கடலோரமாக உணவகம் தொடங்குகிறார்கள். கட்டிடத்துக்கு வரைபடம் போடும் பாக்கியம் எனக்கு. சொந்த மச்சினி என்பதால் எந்நேரமும் போன் போடலாம், எதையும் கேட்கலாம்.

அவர் கேட்கும் இயற்கை இது: சிமென்ட் தென்னை ஆறு. (“நிஜ மரம்னா காய் தலையில விழும்மா.”) பிளாஸ்டிக் ஓலைக் கூரை. அப்புறம் ஸ்பீக்கரில் அலைச் சத்தம்.

“அத்தான், கடல் அங்கேயேதானே இருக்கு?”

“அது ஒரே சீரா வராதும்மா.”

கடலுக்கே தாளம் போதவில்லையாம். குறித்துக்கொண்டேன்.

மார்ச் 7, சனி

அக்கா தனியாக வந்தாள். இருபத்திரண்டு வருஷம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைத்தவள். அடுப்புக்கு எதிரே எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சுவர், அதில் போன வருஷத்து நாள்காட்டி. அவ்வளவுதான் அவள் பார்த்த காட்சி.

“அடுப்புல நின்னா கடல் தெரியணும்டி. மத்ததெல்லாம் உங்க அத்தான் இஷ்டம்.”

இவள் வாய் திறந்து எதையும் கேட்டு நான் பார்த்ததே இல்லை. சின்ன வயசில்கூட மீனில் நடுத்துண்டு எனக்கு, வால் அவளுக்கு. “சத்தியமா செஞ்சு தரேன்க்கா” என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 12, வியாழன்

வரைபடம் முடிந்தது. என்னை நானே பாராட்டிக்கொள்கிறேன், வேறு யாரும் வரப்போவதில்லை. மரத்தூண், நிஜ ஓலை, காற்று குறுக்கே ஓட வழி. ஒரு மரமும் வெட்டவில்லை.

ஒரே இடைஞ்சல், மனைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்மேடு. ஆள் உயரம். மேலே அடம்பங்கொடி, உச்சியில் தாழம்புதர். அது இருந்தால் அக்காவுக்கு மேட்டின் முதுகுதான் தெரியும். ஆகவே ‘மேட்டைச் சற்றே சீரமைத்தல்’ என்று ஓரத்தில் எழுதி, அந்த இடத்திலேயே சமையலறையையும் வைத்துவிட்டேன்.

அத்தானுக்கு வரைபடத்தில் பிடித்த ஒரே வரி அதுதான். ஏப்ரல் இரண்டாம் தேதிக்கே மண் அள்ளும் இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டார்.

மார்ச் 13, வெள்ளி

சிமென்ட் தென்னை ஆறிலிருந்து நான்கானது. பெரிய மனசு.

மார்ச் 26, வியாழன்

தீவுக்குப் போனேன். படகுக்காரர் என் அளவுக் குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதை யாரு நட்டது?”

“நான்தான். அதிகமாப் போனா கடல் இதுவரைக்கும்தான் வரும். அளந்து பார்த்தேன்.”

“எப்ப மேடம்?”

“பிப்ரவரியில. ரெண்டு நாள்.”

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரித்திருந்தால் தேவலை. மேட்டைச் சுற்றிப் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு மரத்தைக் காட்டினார். இடுப்பு உயரத்தில் பட்டை சுற்றிலும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. கயிறு தேய்த்தது.

“ஆறாம் மாசம் பொறந்தா படகையெல்லாம் இழுத்துட்டு வந்து இங்கதான் கட்டுவோம். மேட்டுக்கு அந்தப் பக்கம் விட்டா மறுநாள் படகு இருக்காது.” வரைபடத்தைப் பார்த்தார். “அடுப்பு எங்க வருது?”

விரலால் காட்டினேன்.

“நாங்க படகையே விடமாட்டோம் மேடம்.”

இயற்கையை மதிக்கும் கட்டிடம்! மேட்டை எடுத்துவிட்டு, அது தடுத்துக்கொண்டிருந்த கடலுக்கு முன்னால் அக்காவை நிறுத்தப் பார்த்தேன். அத்தானின் சிமென்ட் தென்னையால் யாருக்கும் ஆபத்தில்லை. படித்தவள் செய்த வேலையைப் பார். ‘சற்றே சீரமைத்தல்’ — என்ன மரியாதையான பாஷை!

மார்ச் 28, சனி

கட்டிடம் மொத்தத்தையும் மேட்டுக்குப் பின்னால் தள்ளினால் எல்லாம் சரி. அக்காவுக்குத்தான் மறுபடியும் சுவர். மணலில் செய்த சுவர், கொடியெல்லாம் படர்ந்து பார்க்க அழகாக இருக்கும், போதாதா? அவகிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? யாரு சத்தியம் பண்ணச் சொன்னா என்னை?

மெஷின் வர இன்னும் ஐந்து நாள்.

மார்ச் 30, திங்கள்

சொல்லிவிட்டேன். “தப்பு என்னோடது. மேடு இருக்கணும். கட்டிடம் பின்னாடி போகணும்.”

அத்தான் குதித்தார். “கடற்கரை ஓட்டல்ல கடல் தெரியாதுன்னா, வர்றவன் எதைப் பார்த்துச் சாப்பிடுவான்? பொண்டாட்டி மூஞ்சியையா?”

அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “அப்ப எனக்குக் கடல் தெரியாதா?” என்று மட்டும் கேட்டாள். நான் அழுதுவிட்டேன். “ஏய், இதுக்குப் போயா அழுவாங்க” என்றாள். அவள் கண்ணிலும் தண்ணீர். வெங்காயமாம்.

ஏப்ரல் 1, புதன்

அத்தான் இன்னும் மெஷினை நிறுத்தவில்லை. நாளைக்கு அது வருமுன் இடத்தையாவது ஒருமுறை பார்க்கிறேன் என்று அக்கா என்னோடு தீவுக்கு வந்தாள். கயிறு தேய்த்த மரத்தடியில் பழுதுபார்க்க ஏற்றிவைத்த பழைய படகு ஒன்று. நான் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டே திரும்பினால், புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அதன் குறுக்குப் பலகைமேல் நிற்கிறாள்.

“இங்கேருந்து தெரியுதுடி!”

ஓடிப்போய் அவள் பாதத்திலிருந்து மணல் வரை நாடா பிடித்தேன். நாலடி இரண்டு அங்குலம். இத்தனை நாளும் இருபத்தைந்து மேசைக்கும் கடலைக் காட்டத் தவித்துக்கொண்டிருந்தேன். கேட்டது ஒருத்திதான். சமையலறையை மட்டும் தூண்மேல் ஏற்றினால் போதும். தட்டு இறங்க ஒரு சரிவுப் பாதை. மேசைகள் கீழே, மர நிழலில்.

போனில் சொன்னதும் அத்தான் கேட்டார்: “காசு குடுக்கிறவன் கீழ, சமைக்கிறவ மேலயா?”

“ஆமா” என்றாள் அக்கா. அவ்வளவு கெட்டியாக அவள் குரலை நான் கேட்டதில்லை. மெஷினை வரவேண்டாம் என்று அத்தானே சொல்லிவிட்டார்.

ஜூன் 24, புதன்

மூன்று நாளாகக் கடல் ஆடித் தீர்க்கிறது. அத்தான் தீவிலிருந்து போன் செய்தார்.

“உன் குச்சி போயிடுச்சும்மா.”

“மேடு?”

“இருக்கு. தண்ணி அதோட காலடியில நிக்குது.” அப்புறம் அவரே சொன்னார்: “அந்த சிமென்ட் மரம் வேணாம், விடு.”

டிசம்பர் 6, ஞாயிறு

திறப்பு. முதல் ஆள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்து நாலாபக்கமும் தேடினார். “கடல் எங்கங்க?”

“அந்தப் புதரை ஒட்டி ஒரு பாதை போகுது சார், பத்து எட்டு நடங்க. இங்க எல்லாம் இயற்கை” என்றார் அத்தான், தான் வரைந்தது போல.

அப்போதுதான் தீயும் வாசனை. சரிவுப் பாதையில் ஏறி ஓடினேன். வாணலியில் வெங்காயம் கரியாகிக் கிடந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் எதையும் தீய விடாதவள், கரண்டியைப் பிடித்தபடி தாழம்புதருக்கு மேலே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுப்பை அணைத்தேன். “அக்கா...”

அவள் திரும்பவில்லை. “இருடி. பெருசா ஒண்ணு வருது.”

நான் வேறு வெங்காயம் எடுத்து நறுக்க உட்கார்ந்தேன்.