நீ அனுப்பிய முடி காயவைக்கும் மெசின்

கலேவெல,
2008 ஒக்டோபர் 19, ஞாயிறு.

அன்பு மகள் டொறீனுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவால் நானும் உன் தங்கச்சி லூசியாவும் சுகம், அந்தச் சவூதி வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறோம். எழுத்தைப் பார்த்து யாருடையது என்று யோசிக்காதே மகளே, இது என் கைதான். கோயிலில் சவரியம்மா டீச்சர் பெரியவர்களுக்கு நடத்தும் வகுப்பில் படித்தது. ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணீர் ஆறிப்போகிறது, ஆனாலும் உனக்குச் சொல்ல வேண்டியதை இன்னொருவரைக் கெஞ்சி எழுதுவிக்க வேண்டாம் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. மழையில் நம் போன் நனைந்து செத்ததிலிருந்து உன் குரல் கேட்கவில்லை, அதனால் எல்லாச் செய்தியும் இதிலேயே.

நீ பார்சலில் அனுப்பிய முடி காயவைக்கும் மெசின் வந்த அன்றே போய்விட்டது, நீ வருத்தப்படுவாய் என்று லூசியா சொல்லாமல் விட்டாள். உன் பக்கத்துக் கரண்டு நம் கரண்டில் பாதிதானாம், அது எங்களுக்குத் தெரியவில்லை, சொருகியதும் ஒரு தரம் வீரிட்டுப் புகைந்து அடங்கியது. மனம் நோகாதே, அது செத்த பிறகு நமக்குச் செய்த உபகாரத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

லூசியா இத்ரூஸ் முதலாளியின் கடையில் போன் திருத்தும் மேசையில் இருப்பது உனக்குத் தெரியும். இப்போது வரும் போன்களின் சிப் என்கிற சின்னச் சில்லுகளை ஈயம் ஒட்டும் கோலால் கழற்ற முடியாதாம், மெல்லிய குழாயால் சுடுகாற்றை ஊதி ஈயத்தை இளக்கித்தான் தூக்க வேண்டுமாம். அந்த மெசின் நம்மால் வாங்கக்கூடியதா? கஷ்டமான போன் எல்லாம் தம்புள்ளைக்குப் போனது. முதலாளி நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் வியாபாரம் நடக்க வேண்டுமே. நோன்புப் பெருநாள் வரைக்கும் மேசய ஒனக்கு வச்சிருக்கேன் மகள், அதுக்குள்ள காத்து மெசின் வரலன்னா ஹுசைனுக்குக் குடுத்துருவேன், அவன்கிட்ட மெசின் இருக்கு என்று சொல்லிவிட்டார். அன்று அவள் சோற்றைத் தொடவில்லை. மறுநாள் உன் மெசினைப் பிரித்துப் பார்த்தால், மோட்டார்தான் கருகியிருந்தது, சூடாகும் கம்பிச்சுருள் அப்படியே இருந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி, உடைந்த அயர்ன் பெட்டியின் மைக்காத் தகட்டில் சுற்றி, பழைய சைக்கிள் பம்பின் குழாய்க்குள் இறக்கினாள். காற்றுக்கு முதலாளி வீட்டு மீன்தொட்டிப் பம்பி, அதிலிருந்து குழாய் வரைக்கும் தோட்டத்தில் நான் முதுகில் மாட்டி மருந்தடித்த தாங்கியின் ரப்பர் ஹோஸ், சூட்டைக் கூட்டிக் குறைக்கக் கோயிலில் கழற்றிப் போட்ட மின்விசிறியின் ரெகுலேற்றர், எல்லாவற்றுக்கும் வீடு ஒரு பிஸ்கட் டின். முதல் நாள் காற்றை முதலில் நிறுத்திவிட்டாள், சூடு போக வழியில்லாமல் கம்பி சிவந்து அறுந்து ஹோஸும் உருகிப்போனது. சூட்டை நிறுத்திய பிறகும் காற்றைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும் என்று அப்போதுதான் பிடிபட்டது, மிச்சக் கம்பியிலும் ஹோஸிலும் மறுபடி துண்டு வெட்டிப் போட்டாள். இதையெல்லாம் பக்கத்து வீட்டுக் குசுமாவதி வேலியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் மகன் ஆமியில் வடக்கே இருக்கிறான், அவளுடைய போனும் செத்து, மகன் பேச்சில்லாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

செய்தாயிற்று, ஆனால் கம்பியும் குழாயும் உள்ள டின்னோடு சண்டை நடக்கும் இந்த நாளில் தமிழ்ப் பிள்ளை எப்படிக் கடைக்குப் பஸ்ஸில் போவது? குசுமாவதிதான், நீங்க சும்மா வாங்க அண்ணே, டின் என் மடியில வரட்டும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஆமிச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். டின்னைத் திறந்த பொடியன் இரண்டடி பின்னால் போனான், சனமும் போனது. லூசியாவின் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். குசுமாவதி டின்னை வாங்கி, வெடிச்சா முதல்ல நான் போறேன் என்று பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடைக்குள் நடந்து தானே சொருகினாள். பம்பி கொரகொரவென்றது, குழாயில் சுடுகாற்று வந்தது. ஆமிப் பெரியவர் கையை நீட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்க, லூசியா, தலைமயிர் காயவைக்கிறது சேர் என்று உள்ளதில் பாதியைச் சொன்னாள். பொடியன் தொப்பியைத் தூக்கி மொட்டைத் தலையைக் காட்டி, அப்ப எனக்கு வேணாம் என்றான். எல்லோரும் சிரிக்கும்போது பெரியவர் கடைக்காரரிடம் சொருகியைப் பிடுங்கச் சொன்னார். உன் தங்கச்சி, ஐயோ புடுங்காதீங்க என்று தமிழில் கத்திவிட்டாள். சிரிப்பு நின்றது, துவக்குகள் நிமிர்ந்தன. நான் மாதாவைக் கூப்பிடக்கூட மறந்தேன். குசுமாவதி நடுவில் வந்து, காத்து ஓடட்டும் மகனே, ஆறாம நிப்பாட்டினா உள்ள கம்பி போயிரும், இந்தப் பிள்ளைட பொழப்பும் போயிரும், என் மகன் பேசுறதும் போயிரும், அவனும் உங்கள மாதிரித்தான் எங்கயோ ஒரு றோட்டுல நிக்கிறான் என்றாள். பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லூசியா சூட்டை நிறுத்தினாள். அந்தக் குழாய் ஆறும்வரை ஆமியும் நின்றது, பஸ்ஸும் நின்றது. அடையாள அட்டை திரும்பக் கைக்கு வந்தது. ஏறும்போது கொண்டக்டர், அந்தப் பெட்டிக்கும் ஒரு டிக்கட் போடவா மாமா என்றான், நான் அவனைக் கட்டிப்பிடிக்காத குறை.

மேசை லூசியாவுக்கே நின்றது மகளே. முதலாளி மெசினை ஓடவிட்டுப் பார்த்து, ஹுசைனையும் கூப்பிட்டுக் காட்டினார். அவள் முதலில் உயிர் கொடுத்தது குசுமாவதியின் போனுக்கு. நம்முடையது பொறுக்கும், அவங்கட பொறுக்காது என்றாள். போன ஞாயிறு பூசை முடிந்து வந்தேன், குசுமாவதி போனைக் காதில் வைத்தபடியே வேலியைத் தாண்டி ஓடி வந்து என் காதில் வைத்தாள். அந்தப் பக்கத்தில் அவள் மகன், மாமா, அம்மா சாப்பிடுறாங்களா என்று கேட்டான். சாப்பிடுறாங்க மகன், நீ பத்திரமா இரு என்றேன். இத்தனைக்கும் உன் பார்சல்தான் காரணம் என்று அவளிடம் சொன்னேன், உனக்கு இரண்டு கையையும் கூப்பிச் சொல்லச் சொன்னாள்.

தலை ஈரத்தோடு படுக்காதே, சளி பிடிக்கும். அந்த வீட்டில் இப்படி ஒரு மெசின் பழுதானால் குப்பையில் போட விடாதே, கம்பிச்சுருளை மட்டும் எடுத்து வை. அவசரமென்றால் இத்ரூஸ் முதலாளியின் கடைப் போனுக்கு எடு. நம் போனுக்கு வேறொரு செத்த போனிலிருந்து சில்லு கிடைக்க வேண்டுமாம், கிடைத்தால் உடனே திருத்தித் தருகிறேன் என்கிறாள் லூசியா. மெதுவாகப் பார் பிள்ளை என்று சொல்லியிருக்கிறேன், எனக்கு இன்னும் எழுத இருக்கிறது.

மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும்.

உன் அன்பு அப்பா,
அந்தோனிமுத்து
(என் கையால் போட்ட ஒப்பம்)