மடியில் இரண்டு பாதி

செகெத்,
8 பிப்ரவரி 2023

என் அன்பு எதெல்கா,

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, உயிரோடுதான் இருக்கிறேன். போட்டிக் காலத்தில் தொலைபேசி கிடையாது, டைப் அடித்த கடிதம் மட்டும்தான், அதுவே பயிற்சி என்று நாம் இருவரும் போட்டுக்கொண்ட சட்டத்தை முதல் தடவையாக மீறிப் பேனாவால் எழுதுகிறேன். எல்லாம் இந்த இடுப்பால் வந்தது.

பேக்கரி வாசலில் பனி இறுகிக் கிடந்தது. கையில் கார்னிவலுக்கு வாங்கிய டோனட் எட்டு. எட்டையும் காப்பாற்றிவிட்டேன், இடுப்பெலும்பைத்தான் கோட்டைவிட்டேன். அறுவை முடிந்து வீடு வந்தாயிற்று. சாய்வு நாற்காலியில் கால் நீட்டி, பாதி உட்கார்ந்தும் பாதி படுத்தும் கிடக்கிறேன். டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "மேசை முன்னாடி நிமிந்து உக்கார்றதா? ஆகஸ்ட் வரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்காதீங்கம்மா."

நீதிமன்றத்தில் என் இடத்தில் வேறு தட்டச்சரைப் போட்டுவிட்டார்கள். மே மாதம் புதாபெஸ்டில் நடக்கும் டைப்பிங் போட்டிக்கும் நான் இல்லை. ஆறு வருஷமாக நான் முதல், நீ இரண்டாவது. இந்த வருஷம் கோப்பை உனக்குத்தான். அலமாரியில் இடம் ஒதுக்கி வை.

உன்,
ஷரோல்தா

*

மிஷ்கோல்ட்ஸ்,
14 பிப்ரவரி

அடியே ஷரோல்தா,

உன் இடுப்புக்கு என் அனுதாபம். அனுதாபம் அவ்வளவுதான், தீர்ந்தது.

காலி நாற்காலியைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கிவா என்கிறாயா? யாருக்கு வேண்டும் அது! ஆறு வருஷமாகக் காலை ஐந்தரைக்கு எழுந்து, பள்ளிக்குப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் அடித்துத் தள்ளுகிறேனே, கோப்பைக்காகவா? உன்னைத் தோற்கடிக்க. நீ எதிரே உட்கார்ந்திருக்கும்போது, உன் கண்முன்னால். அதற்குக் குறைந்த எதையும் நான் ஏற்கமாட்டேன்.

என் மாடியில் குடியிருக்கும் வெண்டெலைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, புரோகிராம் எழுதுகிறவர்? அவரிடம் மேசையே கிடையாது. நாள் முழுக்க சோபாவில் கிடந்து, இரண்டு துண்டான ஒரு கீபோர்டைத் தொடைக்கு ஒரு பாதியாக வைத்து அடித்துக்கொண்டிருப்பார். இத்தனை நாள் சோம்பேறி என்று நினைத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் மாடிக்கு ஓடினேன். "டீச்சர், கையைச் சும்மா தொங்கப் போட்டா எங்க விழுது? மடியிலதானே? அப்ப அங்க வைக்க வேண்டியதுதான். மேசைக்காக நாம எதுக்குத் தோளைத் தூக்கணும்?" என்றார். இருபத்தெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு ‘நிமிர்ந்து உட்கார்’ என்று சொல்லிக்கொடுக்கிற என்னிடம்!

அவருடைய பழைய ஜோடி இந்தப் பார்சலில் இருக்கிறது. போட்டிக்குப் போட்ட விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாதே. பழகு.

எதெல்கா

*

செகெத்,
23 பிப்ரவரி

அன்பு எதெல்கா,

நி அனுப்பியது வந்தது. இதில் எல்லா எழுத்தும் இருக்கிறது, நெடில் ‘இ’ மட்டும் இல்லை! உன் வெண்டெல் கம்ப்யூட்டர் மொழியிலேயே குடும்பம் நடத்துகிறவர் போலும், ஹங்கேரிய மொழியில் அப்படி ஓர் எழுத்து இருப்பதையே மறந்துவிட்டார். குறிலாகத்தான் விழும். நி திருத்திப் படித்துக்கொள்.

முதல் நாள் அழுதேன். இதை ஏன் மறைக்க வேண்டும்? தொடை என்ன மேசையா, தட்டையாக இருக்க? வைத்தால் முழங்கால் பக்கம் வழுக்கிக் கிழே போகிறது. எடுத்து வைத்தால் மிண்டும் கிழே. தலையணை வைத்தேன், விரல் குத்தக் குத்தப் புதைந்தது. மாவு தேய்க்கும் பெரிய பலகையை வைத்தேன், தையல் போட்ட இடத்தில் அழுத்தி உயிர் போயிற்று. பக்கத்து விட்டு மார்கித் வந்து பார்த்து, "ஏண்டி, கிபோர்டை ஒடச்சிட்டு எங்கிட்ட ஒட்டவைக்கக் கேக்குறியா?" என்றாள்.

அவள்தான் வழியும் கண்டுபிடித்தாள். காய்கறி நறுக்கும் சின்னப் பலகை இரண்டு. அவற்றுக்கு அடியில் உலர்ந்த பின்ஸ் நிரப்பிய துணிப்பை, பலகைக்கு ஒன்று. தொடையின் வளைவுக்குப் பை தானே படிந்துகொள்கிறது, மேலே பலகை ஆடாமல் நிற்கிறது. எல்லாவற்றையும் பழைய காலுறையால் தொடையோடு ஒரு கட்டு. திரை, துணி தேய்க்கும் பலகைமேல் எனக்கு எதிரே நிற்கிறது.

நிமிடத்துக்கு எழுபது தட்டல்தான் வருகிறது. அறுநூற்று நாற்பது அடித்தவளுக்கு எழுபது! ஆனால் எதெல்கா, தோள்! என் தோள் இறங்கிவிட்டது. இத்தனை வருஷம் அதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

சிக்கிரம் எழுது.

ஷரோல்தா

*

மிஷ்கோல்ட்ஸ்,
2 மார்ச்

என் கண்ணே ஷரோல்தா,

"மிண்டும் கிழே" என்பதை ஆசிரியர் அறையில் உரக்கப் படித்துக் காட்டினேன். உடற்பயிற்சி வாத்தியார் காப்பியைத் துப்பிவிட்டார். நீ உண்மையாகவே பீன்ஸ் பையைத் தொடையில் கட்டியிருக்கிறாயா? நீதிபதிகள் பார்க்க வேண்டும்!

எழுத்துக் கதையைக் கேட்டு வெண்டெல் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ, நான் நம்ம பாஷையில ஒரு வரிகூட அடிக்கிறதில்ல டீச்சர். சரி, இடம் இருக்கு. பெருவிரல் ரெண்டும் வெட்டியாதானே கெடக்கு? வலது பெருவிரலை அழுத்திக்கிட்டே குறிலை அடிச்சா நெடில் வரட்டும்." அப்படி மாற்றி அமைத்த கீபோர்டு ஃபைலை உன் கணினிக்கு அனுப்பியிருக்கிறார்.

போட்டி விதியை நினைவில் வை. ஒரு பிழைக்கு நூறு தட்டல் கழிப்பார்கள். எழுத்தை விழுங்கினால் உன்னை நீயே விழுங்குகிறாய்.

எதெல்கா

*

செகெத்,
18 மார்ச்

எதெல்கா, எதெல்கா!

பார்! நீ, வீடு, சீக்கிரம், கீரை, மீன், தீ! எல்லாம் நெட்டையாக நிற்கின்றன! இருபத்தைந்து வருஷம் இடைவெளி மட்டும் தட்டிக்கொண்டிருந்த தண்டக் கட்டைவிரல் இப்போது உயிரெழுத்து போடுகிறது. இனி என் கையிலிருந்து ஒரு குறில் பிழை வராது, எழுதி வைத்துக்கொள்.

நேற்று நானூற்று முப்பது! மார்கித் கடிகாரம் பிடித்தாள். நாற்காலிக் கைப்பிடியில் முழங்கையைச் சாய்த்து, உள்ளங்கை இரண்டும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி பாதிகளைச் சரித்து வைத்திருக்கிறேன். யாரோ இருவரோடு ஒரே நேரத்தில் கை குலுக்குவது போல இருக்கிறது. இரண்டு மணி நேரம் அடித்தும் மணிக்கட்டு முனகவில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயதென்றே தோன்றவில்லை!

ஒரு சிக்கல். விதியில் ‘கருவி மேசைமேல் இருக்க வேண்டும்’ என்று இருக்கிறது. மடியில் வைத்து அடிக்க அனுமதி கேட்டுப் போட்டி நடத்தும் சங்கத்துக்கு எழுதினேன். போட்டியாளர் எல்லாருக்கும் ஒரு படிவம் அனுப்புவார்களாம். ஏப்ரல் 12க்குள் ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் எனக்கு இடமில்லை. பார்ப்போம். ஓடும் பேருந்தில் ஏறப்போகிறவள் மாதிரி மனசு அடித்துக்கொள்கிறது!

உன் ஷரோல்தா

*

மிஷ்கோல்ட்ஸ்,
25 மார்ச்

அன்பு ஷரோல்தா,

நானூற்று முப்பதா! படித்ததும் எனக்குப் பயம் வந்தது. நல்ல பயம். மறுநாள் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டேன்.

ஈஸ்டர் விடுமுறைக்கு உன்னிடம் வரலாமா என்று யோசிக்கிறேன். நான்கு நாள் எதிரெதிரே உட்கார்ந்து அடிக்கலாம், நீ மடியில், நான் மேசையில். ஆறு வருஷத்தில் உன் ஊருக்கு வந்ததே இல்லை, நீயும் கூப்பிட்டதில்லை. கால் சரியில்லாத நேரத்தில் தொந்தரவோ என்றும் இருக்கிறது. ஹோட்டலில் தங்கவா, உன் வீட்டில் தங்கவா? பயிற்சியை விட்டுவிட்டு நீட்டி முழக்காதே, ஒரே வார்த்தையில் பதில் போடு.

எதெல்கா

*

செகெத்,
30 மார்ச்

விடு.

ஷரோல்தா

*

செகெத்,
17 ஏப்ரல்

எதெல்கா,

உனக்கு என்ன ஆயிற்று? ஒரே வார்த்தை கேட்டாய், நானும் வேடிக்கையாக அட்டையில் ஒரே வார்த்தை அடித்து அனுப்பினேன். வீடு! என் வீட்டில் தங்கு என்று! மார்கித் உனக்காக ஜன்னலோரக் கட்டிலை விரித்தாள். வேகவைத்த பன்றித் தொடை, குதிரைமுள்ளங்கி, பின்னல் ரொட்டி, இரண்டு டஜன் முட்டை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாசல் மணியைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை, ஈஸ்டர் வழக்கப்படி பெண்கள் தலையில் வாசனைத் தண்ணீர் தெளிக்க வந்த மேல்மாடிக்காரர் முன் என் தலையைக் கொடுத்துவிட்டுக் கீபோர்டைப் போர்வையால் மூடினேன். "நல்லாருக்கே! எல்லாரும் தலையைத்தான் மறைப்பாங்க" என்றார். சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று. சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஒருவர் ஆட்சேபித்திருக்கிறார், பெயர் சொல்லமாட்டார்களாம். நான் இல்லை, முடிந்தது. ஜியோரிலிருந்து வருகிற அந்த லேஹெலாகத்தான் இருக்கும், அவனுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. வெள்ளிக்கிழமை ஐந்நூற்று எண்பது அடித்தேன் எதெல்கா. யாரிடம் சொல்வது?

ஷரோல்தா

*

மிஷ்கோல்ட்ஸ்,
24 ஏப்ரல்

ஷரோல்தா,

லேஹெல் இல்லை. நான்.

உன் அட்டையில் இருப்பது குறில். ‘விடு’ என்று இருக்கிறது. இனி ஒரு குறில் பிழை வராது என்று எழுதியவள் நீ, அதை நான் நம்பினேன். தொந்தரவா என்று கேட்டேன், விடு என்று பதில் வந்தது. இரண்டாம் இடத்துக்காரி முதலிடத்துக்காரி வீட்டுக்கு ஆசைப்பட்டேனே என்று என்மேலேயே காறித் துப்பிக்கொண்டேன். மறுநாள் படிவம் வந்தது. ‘ஆட்சேபம் உண்டு’ என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு, மனசு மாறுவதற்குள் தபாலில் சேர்த்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. குறிலென்றாலும் நெடிலென்றாலும் நான் அதைச் செய்திருக்கக்கூடாது.

உன் கடிதம் கிடைத்த அன்றே ரயிலேறிப் புதாபெஸ்ட் போனேன். சங்க அலுவலகத்தில் இர்மா அம்மாள்தான் இருந்தார்.

"குடுத்த ஆட்சேபத்தைத் திருப்பி வாங்கணுமா? தேதி முடிஞ்சுபோச்சேம்மா. அப்படி வழக்கமே இல்ல."

"போட்டியில இல்லாதவங்க ஆட்சேபிச்சா?"

"அது செல்லாது. போட்டியில இருக்கறவங்க சொன்னாத்தான் ஆட்சேபம்."

"அப்ப பட்டியல்ல என் பேரை அடிச்சிடுங்க."

"என்ன எதெல்கா, பைத்தியம் புடிச்சிருக்கா? அவங்க இல்லாத வருஷம், கோப்பை உங்க மடியில வந்து விழப்போகுது!"

"அடிங்கம்மா. என் முன்னாடியே அடிங்க."

அடித்தார். சிவப்பு மையில். என் ஆட்சேபமும் செத்தது. உனக்கு அனுமதிக் கடிதம் இந்த வாரம் வரும்.

போய் அடி. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, பிழையில்லாமல் அடி என்று மட்டும் கேட்கிறேன்.

எதெல்கா

*

செகெத்,
21 மே

என் எதெல்கா,

உன் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் போடவில்லை. முதல் நான்கு நாள் கோபம், ‘நான்’ என்ற அந்த ஒரு வார்த்தைமேல். பிறகு அட்டையின் நகலைக் கணினியில் திறந்து பார்த்தேன். குறில்தான். ஒரு வார்த்தைதானே என்று திரும்பிப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறேன், பெருவிரல் சரியாக அழுந்தவில்லை. அதற்குப் பிறகு வெட்கம், அது இன்னும் போகவில்லை.

நேற்று என் சாய்வு நாற்காலியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு அரங்கத்துக்குள் வந்தார்கள், பின்னால் நான் ஊன்றுகோலில். அரங்கமே திரும்பிப் பார்த்தது! நாற்பது பேர் மேசைமுன் விறைத்து உட்கார்ந்திருக்க, நான் மட்டும் காலை நீட்டி, தொடையில் பீன்ஸ் பையோடு. நடுவர் குனிந்து, "அம்மா, இது சமையல் போட்டி இல்லையே?" என்றார். மணி அடித்தது. எதெல்கா, பறந்தேன்! அரை மணி நேரமும் தோள் கீழேயே இருந்தது, கை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை, எழுத்துகள் தாமாக வந்து விழுந்தன. அறுநூற்றுப் பன்னிரண்டு, ஒரு பிழைகூட இல்லை!

லேஹெல் அறுநூற்றுப் பதினைந்து.

இரண்டாவதாக என் பெயரை வாசித்தார்கள். மேடையில் இரண்டாமவருக்கு நிற்க இடம் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை, ஒருவர் கையைப் பிடித்துக் காட்ட வேண்டியிருந்தது. கைதட்டல் லேஹெலுக்காக எழுந்து லேஹெலோடு அடங்கியது. அவனுக்குக் கை கொடுத்தேன். அதற்கே என் பலம் முழுவதும் தேவைப்பட்டது.

நீ ஆறு தடவையும் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாய். "போடி கழுதை, அடுத்த வருஷம் பாத்துக்கறேன்" என்று சிரித்தாய். நானும் சிரித்துவிட்டுக் கோப்பையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ளப் போய்விட்டேன். அந்த நிமிஷத்தில் உனக்கு எப்படி இருந்தது என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

இப்போது கேட்கிறேன். எத்தனை பக்கம் ஆனாலும் எழுது, முழுக்கப் படிக்கிறேன்.

ஷரோல்தா