படுக்க வைத்த இடம்

மார்ச் 4, செவ்வாய்

நீதிமன்றக் கூடத்தில் மின்விசிறி பழுது. தாள்கள் பறக்கவில்லை, அது ஒன்றுதான் லாபம். மூன்று வழக்கு, இருபத்திரண்டு பக்கம் டைப் அடித்தேன். கழுத்து விட்டுப்போயிற்று.

நாளைக்கு மலைச்சரிவு வழக்கு. சுரங்கக் கம்பெனி சரிவைத் தோண்டக் கூடாது, அது எங்கள் நிலம் என்று மலைக்காரர்கள் போட்டது. ஒன்பது வருடமாக இழுத்து, இப்போதுதான் சாட்சி விசாரணைக்கு வந்திருக்கிறது. "அவங்க பேச்சு இங்க யாருக்கும் தெரியாது மேடம். அடிவாரத்து மரக்கடைக்காரர் ஒருத்தரைப் பிடிச்சிருக்கோம், அவர் மொழிபெயர்ப்பார்" என்றார் பெஞ்ச் கிளார்க். தலையை மட்டும் ஆட்டினேன்.

மார்ச் 5, புதன்

முப்பத்தைந்து வருடம் கழித்து அந்தப் பேச்சைக் கேட்டேன்.

சாட்சி என் வயதுப் பெண். வரைபடத்தை நீட்டியதும் தடுமாறாமல் சரிவின் மேல் கையை வைத்தாள். ஒரே வாக்கியம்தான் சொன்னாள்: எங்கள் குழந்தைகளைப் படுக்க வைத்த இடம்.

எங்கள் பேச்சில் – எழுதிவிட்டேன், 'எங்கள்' என்று. அழிக்கப் போவதில்லை, இருக்கட்டும் – செத்த குழந்தையைப் புதைத்தோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். படுக்க வைத்தோம் என்பார்கள். மரக்கடைக்காரருக்கு அது தெரியவில்லை. "தேன் எடுக்கப் போறப்ப பிள்ளைங்களோட ராத்திரி படுத்துக்கற இடமாம் ஐயா" என்றார். நீதிபதி சொல்லச் சொல்ல அடித்தேன்: 'தேன் சேகரிக்கச் செல்லும்போது தற்காலிகமாக இரவு தங்கும் இடம்.'

விரல் நடுங்கவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

அங்கே என் தங்கை இருக்கிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டு நாளாக எழுத முடியவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

அவளுக்கு ஆறு வயது. எனக்கு ஒன்பது. காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள் போனாள். அப்பாதான் குழி வெட்டினார். ஈர மண், வேர் வேராக வந்தது. அவ்வளவு சின்னக் குழிக்கு அவ்வளவு நேரம். அடுத்த மாதமே என்னைக் கீழே கூட்டி வந்து விடுதியில் சேர்த்தார்கள். விடுதி அம்மா பதிவேட்டில் எனக்கு வேறு பெயர் எழுதினார், வேறு ஊர், வேறு இனம். நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். "இனிமே அந்தப் பேச்சு உன் வாயில வரக் கூடாது." வரவில்லை. அந்தப் பதிவேடுதான் பிறகு சான்றிதழ் ஆயிற்று, வேலை ஆயிற்று, கல்யாணம் ஆயிற்று. நான் யாருமற்ற பிள்ளை என்றுதான் என் கணவருக்குத் தெரியும். மகளுக்கும்.

வெள்ளிக்கிழமையிலிருந்து, தட்டச்சு மேசைக்கு அடியில் யாரோ முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டப்பகலில், கூடம் நிறைய ஆள் இருக்கும்போது. காலை நீட்டினால் இடிக்கும் என்று மடக்கியே வைத்திருக்கிறேன். குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். அதைத்தான் தாங்க முடியாது.

மார்ச் 12, புதன்

கம்பெனி வக்கீல் நான் அடித்த வரியை வாசித்துக் காட்டினார். "ராத்திரி தங்கிட்டுப் போற இடத்துக்கெல்லாம் உரிமை கேட்டா, லாட்ஜ்ல தங்கினவங்க எல்லாரும் கேக்கலாமே." கூடம் சிரித்தது. சாட்சிக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று மரியாதைக்கு அவளும் சிரித்தாள்.

மார்ச் 13, வியாழன்

மரக்கடைக்காரரை வராந்தாவில் பிடித்து, படுக்க வைப்பது என்றால் வேறு அர்த்தம் இருக்குமோ என்று கேட்டேன்.

"அவ சொன்ன வார்த்தை அதுதான் மேடம். தேன் சமாச்சாரம் மட்டும் புரியட்டும்னு நான் சேர்த்தேன், அவங்க அதுக்குத்தானே அங்க போவாங்க." நல்ல மனிதர். பொய் சொல்ல நினைக்கவில்லை. போகப் போனவர் நின்று, "உங்களுக்கு எப்படி அந்தச் சந்தேகம் வந்துச்சு?" என்றார்.

"சும்மாதான் கேட்டேன்."

சும்மா. முப்பத்தைந்து வருடமாக எல்லாமே சும்மா.

மார்ச் 16, ஞாயிறு

சாப்பிட்ட பிறகு கணவரிடம் சொல்லிவிட்டேன். தட்டில் கை காய்ந்துபோகும் வரை அவர் எழுந்திருக்கவில்லை. "இவ்வளவு நாள் சொல்லாதவ இப்ப ஏன் சொல்றே? வேலை போயிடும். பொண்ணைப் பத்தி நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. வாயை மூடிட்டு இரு, எல்லாருக்கும் நல்லது." கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

மகள் எப்போது வந்து நிலைக்கதவில் சாய்ந்து நின்றாளோ தெரியாது. பத்தொன்பது வயது. கத்துவாள் என்று நினைத்தேன்.

"அப்ப எனக்கு ஒரு சித்தி இருந்தாங்களாம்மா?"

ஆறு வயதுச் சித்தி. எனக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை.

மார்ச் 19, புதன்

எழுந்து நின்றேன். பதினெட்டு வருடத்தில் அந்த மேசையிலிருந்து முதல் தடவை வாய் திறந்தது.

"ஐயா, அஞ்சாம் தேதி வாக்குமூலத்துல ஒரு வரி தப்பு. நான் அடிச்ச வரி."

என்ன தப்பு என்று சொன்னேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு அந்தப் பேச்சு எப்படித் தெரியும்?"

"நான் அந்த ஊர்தாங்க ஐயா."

கம்பெனி வக்கீல் உடனே எழுந்தார். இது சம்பந்தப்பட்ட ஆள், இவர் சொல்வதை ஏற்கக் கூடாது என்றார். அவர் சொன்னது நியாயம்தான். சாயங்காலத்துக்குள் என்னைப் பதிவறைக்கு மாற்றினார்கள். பணிப் பதிவேட்டில் பொய்த் தகவல் கொடுத்ததற்கு விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்தது.

சாட்சி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கிட்டே வரவில்லை. வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

மார்ச் 25, செவ்வாய்

கணவர் பேசுவதில்லை. ஆனால் காலையில் என் சாப்பாட்டு டப்பாவையும் கட்டி வைக்கிறார்.

ஏப்ரல் 2, புதன்

சம்பந்தமில்லாத மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றம் தேடுகிறது. கிடைக்கவில்லை. எங்கிருந்து கிடைக்கும்?

மதியம் பதிவறை வாசலில் ஒரு பெண் நின்றாள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள். "அக்கா, பேப்பர்ல பாத்தேன். எனக்கும் அந்தப் பேச்சு தெரியும். எங்க வீட்ல யாருக்கும் தெரியாது." பிறகு அழுதாள். இரண்டு பேருமே அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை பேசவில்லை. கூச்சமாக இருந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

என்னோடு சேர்த்து அந்தப் பேச்சு தெரிந்தவர்கள் ஏழு பேர் ஆகிவிட்டோம். பஸ் கண்டக்டர் ஒருவர், பள்ளிக்கூட டீச்சர் ஒருவர்... எல்லோரும் இத்தனை நாள் இதே ஊரில்தான் இருந்திருக்கிறார்கள். கண்டக்டரிடம் நானே எத்தனையோ தடவை டிக்கெட் வாங்கியிருக்கிறேன். ஒருவரை ஒருவர் கலக்காமல், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தனித்தனியாக நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தோம். ஏழும் ஒன்று. நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று நீதிபதி உத்தரவு போட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

சரிவுக்குப் போனோம். நீதிபதி இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். மகளும் வந்தாள். கணவர் வரவில்லை, குடையை மட்டும் கொடுத்தனுப்பினார்.

புதரை விலக்கினார்கள். முழங்கால் உயரம்கூட இல்லாத கற்கள், வரிசை வரிசையாக. கம்பெனி வக்கீல் நூற்றுப்பதினான்கு வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டார். அங்கேயே நீதிபதி வரியைத் திருத்தச் சொன்னார். புது டைப்பிஸ்ட் மடியில் வைத்து எழுதினாள்: 'குழந்தைகளைப் புதைத்த இடம்.' தீர்ப்பு வரும்வரை சரிவில் கடப்பாறை படக் கூடாது என்று உத்தரவு. மற்ற நிலத்துக்கு வழக்கு நடக்கும். என் மேல் விசாரணையும் நடக்கும்.

சாட்சி வந்து கையைப் பிடித்து ஏதோ கேட்டாள். வாய் தானாக அந்தப் பேச்சிலேயே பதில் சொன்னது. சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். "சின்னப் பிள்ளையாட்டம் பேசுது பாரு" என்றாள் ஒருத்தி. உண்மைதான். ஒன்பது வயதில் நின்றுபோன பேச்சு. வேலை, வழக்கு, கணவர், எதற்கும் என்னிடம் சொல் இல்லை. பசிக்கிறது, குளிருகிறது, வா விளையாடலாம் – இவ்வளவுதான் இருக்கிறது.

தங்கையின் கல் எது என்று தெரியவில்லை. அப்பாவும் இப்போது இல்லையாம், கேட்க. நடுவில் ஓரிடத்தில் உட்கார்ந்து, தெரிந்த சொற்களை எல்லாம் மெதுவாகச் சொன்னேன். அவளுக்குப் புரிந்திருக்கும். அவளும் இதற்கு மேல் பேசியதில்லை.