கேமரா பார்த்த முகம்

ஜூன் 9
பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு இன்று பஸ் எங்கும் சிக்காமல் போனது. நெரிசல் நேரத்தில் டவுனுக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் வைத்த பிறகு இப்படித்தான். அந்தத் திட்டத்தின் ஆபீசில் எனக்கு நல்ல பெயர். ஊர் ஊராகப் போய் மக்களைச் சம்மதிக்க வைத்தது நான்தானே. "கேமரா வண்டி நம்பரை மட்டும் படிக்கும். முகம் பதிந்த படத்தை அன்றைக்கே அழித்துவிடுவோம்." எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன்.

ஜூன் 12
சிவதாணு அண்ணாச்சி ஆபீசுக்கு வந்தார். பாறசாலைக் கூட்டத்தில் எல்லோரும் எதிர்த்துக் கத்தியபோது, "ஆம்புலன்சுக்கு வழி கெடைக்கும்னா நான் காசு குடுப்பேன்" என்று எழுந்து நின்ற ஒரே ஆள். இப்போது பாதியாக இளைத்திருக்கிறார். போன மாதம் அவர் மனைவி உமையம்மாள் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். காரில், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே.

"வலிக்குன்னு நேரத்துக்குச் சொல்லமாட்டியான்னு வழி முச்சூடும் ஏசினேன் மோளே. அவ வாயத் தொறந்து ஒண்ணும் மிண்டல்ல. ஒங்க கேமரா முன்னால இருந்து பாத்திருக்குமே. அவ கரஞ்சாளா, கண்ணீரு விட்டாளா? அது தெரிஞ்சா போரும்."

படமெல்லாம் அன்றைக்கே அழித்தாயிற்று அண்ணாச்சி என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

ஜூன் 13
அழித்தாயிற்றா? நான் கண்ணால் பார்த்தேனா?

ஜூன் 16
அழிக்கவில்லை.

கம்ப்யூட்டர் பார்க்கும் லிஜாவிடம் கேட்டேன். "எல்லாம் கெடக்கு சேச்சி. அழிக்கணும்னு எங்கிட்ட ஆரும் சொல்லல்லியே." திட்டம் தொடங்கிய நாள் முதல் எல்லாப் படமும். அண்ணாச்சி காரின் நம்பரைத் தட்டச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

உமையம்மாள் அழவில்லை. முன்னால் இடதுபக்க இருக்கையில் சாய்ந்து, முகத்தை முழுக்கத் திருப்பி, காரை ஓட்டும் அண்ணாச்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அண்ணாச்சி எதிரே ரோட்டைப் பார்த்தபடி ஏதோ திட்டிக்கொண்டிருக்கிறார்.

அழுதிருந்தால்கூடச் சொல்லிவிடலாம். இதை எப்படி—

ஜூன் 18
எதிரே வரும் ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் அந்த முகம். மீன் கழுவும்போது தண்ணீரிலும். உமையம்மாளை நான் ஒருதடவைகூட நேரில் பார்த்ததில்லை.

ஜூன் 19
மேலாளர் ஸ்ரீகுமார் சாரிடம் சொன்னேன். "சத்தமில்லாம அழிச்சிடுவோம் லேகா. வெளியே தெரிஞ்சா திட்டமே போச்சு. வண்டியெல்லாம் சிக்கி நிக்கிற பழைய பிளாக்கு திரும்பி வரணுமா?"

அதுவும் நியாயம்தானே? ரோடு ஓடுகிறது. ஆம்புலன்ஸ் போகிறது. ஆனா நான் சொன்னது பொய்யாப் போச்சே. அண்ணாச்சிக்க மொகத்தப் பாத்துச் சொன்ன பொய்யாக்கும்.

ஜூன் 22
பாறசாலையில் மறுபடி மக்கள் கூட்டம். மைக்கைப் பிடித்தேன். படங்கள் இன்னும் அழியவில்லை என்று சொல்லிவிட்டேன். ஒரே கூச்சல். கேமராவை அடித்து உடைக்கலாம் என்றார்கள். ஸ்ரீகுமார் சார் என் பக்கம் திரும்பவே இல்லை.

அண்ணாச்சி முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தார். "அப்போ எங்க படமும் உண்டு."

மேடைக்குப் பின்னால் இருந்த லிஜாவிடம் கூட்டிப்போய் அவள் லேப்டாப்பில் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"கரயல்ல," என்றார். பிறகு, "என்னையாக்கும் பாக்கா."

அவரே போய் மைக்கை வாங்கினார். "காசு எடுக்கட்டு. நமக்கு வழி வேணும். ஆனா மொகம் வேண்டாம். நம்ம ஆளுவள வச்சுட்டு தெனமும் அழிக்கணும். இப்பவே தொடங்கட்டு. எனக்க படத்தையும் சேத்து."

கூச்சல் அடங்கிவிட்டது. அதற்கு மேல் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

"அந்த ஒண்ணை மட்டும் வச்சுக்கலாமே அண்ணாச்சி," என்று மெதுவாகக் கேட்டேன்.

"அத வச்சுட்டு நான் எப்படி ஒறங்குவேன் மோளே."

லிஜா அழித்தாள்.

ஜூலை 1
எனக்கு வேலை போயிற்று. திட்டம் போகவில்லை. ஊர்க்காரர்கள் முறைவைத்து ஆபீசுக்கு வந்து, படங்கள் அழிவதைப் பார்த்துவிட்டுப் போகிறார்களாம். கட்டணத்தைப் பற்றி இப்போது யாரும் முணுமுணுப்பதில்லை என்று லிஜா போனில் சொன்னாள்.

ஜூலை 17
வேறு வேலை கேட்டுப் போவதற்காக பஸ்சுக்கு நின்றேன். அண்ணாச்சி காரை நிறுத்தினார். முன்கதவைத் திறக்கப் போனேன்.

"பின்னால இரு மோளே."

இருந்தேன். ரோடு காலியாகத்தான் இருந்தது. அவர் ஓட்டிக்கொண்டே இடதுபக்க இருக்கையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வளைவில் ஒரு லாரி. எனக்குப் பயமாகிவிட்டது.

"அண்ணாச்சி, ரோட்டப் பாருங்க."

"அன்னைக்கு அத மட்டுந்தான பாத்தேன்," என்றார்.