ஆறாவது கட்டத்தில் யார் பெயர்?

அலமாரியைக் காலி செய்தபோது உன் பழைய போன் கிடைத்தது. திரையில் மூன்று விரிசல். முதுகில் பிளாஸ்திரி ஒட்டி, உன் கையெழுத்தில் ‘சோதனைக்கு மட்டும்’. இருப்பதிலேயே மட்டமான போனைத் தேடி வாங்கி வந்து, நம் வீடியோ எதுவானாலும் முதலில் அதில்தான் ஓட்டிப் பார்ப்பாய். “இதுல ஓடிச்சின்னா எதுலயும் ஓடும்டே” என்பாய். நம் கம்பெனியை வாங்க வந்தவர்களின் பொறியாளர் ஒரு பெண். அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இது குப்பையா, சொத்தா, எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று கேட்டாள். நான் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஆமாம், விற்கிறோம். ஒரகடம் சாலையில் பஞ்சர் கடை மாடியில் நீயும் நானும் தொடங்கியதை வெளிநாட்டுக்காரர்கள் வாங்குகிறார்கள். முதலில் ஊர்க் கோயில் கொடை விழாக்களை நேரலையாகக் காட்டினோம், பிறகு கல்யாணங்கள், பிறகு பயிற்சி வகுப்புகள். உன் நெஞ்சுவலிக்குப் பிறகு, நீ இல்லாத இந்த இரண்டு வருஷத்தில், டிவி சேனல்களே நம்மிடம் வந்துவிட்டன. நீ பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டாய். நானே பாதி நாள் நம்புவதில்லை.

அவர்களுக்கு வேண்டியது நம் மேசை நாற்காலி இல்லை. அந்த ஒரே ஒரு உத்திதான். சிக்னல் விழ விழப் படத்தைச் சுருக்கிக்கொண்டே போய், கடைசியில் படத்தை நிறுத்தியே விட்டு, சத்தத்தை மட்டும் அறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற உத்தி. அதைப் பற்றி ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். ஆறாவது கட்டத்தில் கேள்வி: இதை முதலில் யோசித்தவர் யார்? அவர் இந்த உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். அது வராமல் விற்பனை நடக்காது. வக்கீல் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார். “ஒரு பேர் போதும் சார். கம்பெனியில இருக்கறவங்க பேரா இருந்தா வேலை சட்டுனு முடியும்.” அதாவது என் பெயர்.

எழுதப் போனேன். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

கம்பெனி தொடங்குவதற்கு முந்தைய அந்தச் செவ்வாய்க்கிழமை உனக்கு நினைவிருக்கும். உன் ஊரில் அம்மன் கொடை. நீ வேலை பார்த்த தொழிற்சாலையில், லைனில் யாருக்கும் லீவு கிடையாது என்று சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டார். ஸ்ரீபெரும்புதூரில் உன் வாடகை அறையில் இரண்டாம் ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் எல்லாரும் யூனிபார்மோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் ஹாஸ்டலிலிருந்தும் உன் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர். வீட்டுக்காரர் படியில் நின்று, “இன்னா தம்பி, வூட்டைக் கல்யாண மண்டபம் ஆக்கிட்டீங்களா?” என்று கத்தினார். நீ அவரையும் உள்ளே இழுத்து உட்கார வைத்தாய்.

ஊரில் உன் சித்தி மகன் போனில் படம் பிடித்து அனுப்ப, இங்கே மதியக் கொடை திக்கித் திக்கி வந்தது. சாமியாடி தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. மேளம் அறுந்து அறுந்து விழுந்தது. எனக்கு எரிச்சல். “இன்னாடா இது, நின்னு நின்னு வர்து” என்றேன். காலேஜில் படித்ததையெல்லாம் வைத்து மூளையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது: படம் போனால் போகட்டும், சத்தம் அறக்கூடாது. அங்கேயே உட்கார்ந்து வீடியோ வரும் மென்பொருளின் அமைப்பை மாற்றினேன். படம் உறைந்து நிற்க, மேளம் மட்டும் ஒரு சொட்டு குறையாமல் வந்தது. அறையில் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். உனக்குக் கண்ணீர் வந்ததைத் துடைத்துக்கொண்டு, வேர்வை என்று புளுகினாய்.

யோசனை வந்தது என்கிறேனே, யாருக்கு வந்தது? இத்தனை வருஷம் எனக்குத்தான் வந்தது என்று மேடையில் எல்லாம் சொல்லியிருக்கிறேன். பேனாவை எடுத்ததும் சந்தேகம். ஜன்னல் பக்கம் நின்று நீதான் சொன்னாய் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள் அதே நினைவில் என் வாயே அசைகிறது. ஒரு வாரம் இப்படியே போனது. கடைசியில், தப்பாக இருந்தாலும் உன் பக்கமே இருக்கட்டும் என்று உன் பெயரை எழுத முடிவு செய்தேன். நீ இல்லாததால் வாரிசாக உன் மனைவி இசக்கியின் கையெழுத்து வேண்டும். மணிமங்கலத்தில் உங்கள் வீட்டுக்குப் போனேன்.

இசக்கி யூனிபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவள் லைன் லீடர், தெரியுமா? விஷயத்தைச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“என்னண்ணே சொல்லுதிய? அது ஒங்க யோசனைன்னுல்லா அவிய எப்பவும் சொல்லுவாவ.”

நீயா? என்னிடம் ஒரு நாளும் நீ அப்படிச் சொன்னதில்லையே. இல்லை, அவன்தான் சொன்னான், ஜன்னல் பக்கம் நின்றான் என்று அந்தச் செவ்வாய்க்கிழமையை முழுக்க அவளுக்குச் சொன்னேன். அவளும் அன்று அந்த அறையில் இருந்தவள்தான் என்பதே எனக்குப் பாதி சொல்லும்போதுதான் உறைத்தது. அப்போது அவள் உனக்கு வெறும் ஊர்க்காரப் பெண்.

இசக்கி சிரித்தாள்.

“ரெண்டு பேரும் நல்லாத்தான் மாத்தி மாத்திக் குடுத்துக்கிடுதிய. ‘படத்த விடுங்க, சத்தம் மட்டும் அறாம வந்தா போதும், எங்க ஊரு கண்ண மூடுனாலே எனக்குத் தெரியும்’னு கதவோரம் நின்னுக்கிட்டுச் சொன்னது நான்தாம்ணே.”

“அப்போ ஏம்மா இத்தனை வருஷம் சொல்லல?”

“யாருண்ணே கேட்டா?”

கோபமாகச் சொல்லவில்லை. திரும்பவும் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, நிஜமாகவே குழப்பமாக இருந்தது. வண்டியில் திரும்பும்போது அந்த அறையை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். இப்போது கதவோரம் ஒரு பெண்குரல் கேட்கிறது. அன்று காதில் விழுந்ததா, இன்று அவள் சொன்னதும் நானாகச் சேர்த்துக்கொண்டேனா, தெரியவில்லை.

ஆறாவது கட்டத்தில் இசக்கியம்மாள் என்று எழுதி அனுப்பிவிட்டேன். வக்கீல் இப்போது சிரிப்பதில்லை. யார் இவர், என்ன படித்திருக்கிறார், கம்பெனியில் என்ன பதவி என்று தினமும் கேட்கிறார். வாங்குகிறவர்கள் பின்வாங்கினாலும் வாங்கலாமாம். ஆபீசில் பிள்ளைகள் என் முகத்தையே பார்க்கிறார்கள். செய்தது சரியா என்று எனக்கும் உறுதியில்லை. ஆனால் அந்தப் பெயரை அடிக்கப் போவதில்லை.

உன்னிடம் கேட்க இப்போது ஒன்றுதான் இருக்கிறது. அதைத்தான் எங்கே போனாலும் கூடவே சுமந்து திரிகிறேன். நான் கேட்கவில்லை, சரி. அவளோடு அத்தனை வருஷம் குடும்பம் நடத்தினாயே, அவள் உன்னிடமும் சொல்லவில்லையா? இல்லை, சொல்லச் சொல்ல நீயும் கேட்கவில்லையா?