அன்புமொழி பதிவில் யார் கை?

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் திருமணத் தகவல் மையத்தில் நோட்டைக் கட்டிப் பரணில் போட்டாச்சு. இனிக் கம்ப்யூட்டர். அதைப் போட்டுக்கொடுத்த பெலிக்ஸ் சார் சொல்லிக்கொடுத்தார்: ஆளுக்கு ஒரு பதிவு. ஒருவருக்கு நாலு வரி இருக்கலாம், இன்னொருவருக்கு நாற்பது இருக்கலாம், அது கோபித்துக்கொள்ளாது. சேர்க்க, தேட, மாற்ற, நீக்க என்று நாலே கட்டளை. "மாத்துறப்ப ரெண்டு அடைப்புக் கட்டம் வரும். மொத அடைப்புல யாருக்குன்னு அடிங்க மேடம், ரெண்டாவதுல என்னன்னு."

போணி நல்லதாக இருக்கட்டுமே என்று என் மகள் அன்புமொழியைத்தான் முதல் பதிவாகச் சேர்த்தேன். மையத்தில் என்னோடு வேலை பார்க்கும் அழகியக்கா முகத்தைப் பார்க்கணுமே! தன் அண்ணன் மகனுக்கு அவர் கேட்டும் நான் தட்டிக்கழித்த பெண்ணாச்சே.

ஜூன் 11, புதன்

எனக்குக் கை ஓடுது. குளத்தூர்ப் பையனுக்குச் சிங்கப்பூரில் வெல்டர் வேலையாம், மாற்றினேன். அறிவுச்செல்வனுக்கு நிச்சயமாம், மாற்றினேன். ஜாதகம்தான் மேசையில் விரிந்து கிடக்கிறதே, யாருக்கு என்று அதற்கு வேறு சொல்லணுமா? முதல் அடைப்பைச் சும்மா விட்டாலும் 'ஒன்று மாற்றப்பட்டது' என்கிறது. சமத்து.

ஜூன் 16, திங்கள்

திருமயத்து மாப்பிள்ளை வீட்டுப் போன். "பொண்ணுக்கு நிச்சயமாயிருச்சாமே? ஒங்க ஆபீஸ்லயே சொன்னாங்க. நாங்க வேற எடம் பாக்குறோம்."

மூணு மாசம் அலைந்து பிடித்த இடம்! 'நிச்சயம் ஆகாதவர்கள்' என்று தேடினால் என் பிள்ளையைக் காணோம். பதிவைத் திறந்தால் — நிச்சயமாயிற்று. வேலை: வெல்டர், சிங்கப்பூர். பி.எட். படிச்ச புள்ளைங்க அது!

அழகியக்காதான். வேற யாரு? இன்னைக்கு வடை வேற வாங்கி வச்சிருந்துச்சு அந்தப் பொம்பள. எதுக்கு வடை? (தின்னுட்டேன். அது வேற விஷயம்.)

ஜூன் 18, புதன்

பெலிக்ஸ் சாரிடம் புகார். யார், எப்போது, என்ன அடித்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தார். எல்லாம் என் நாற்காலி.

"யாருக்குன்னு சொல்லலைன்னா மொதப் பதிவுலதான் போய் மாத்தும் மேடம். நல்லவேள, நீக்குன்னு அடிக்கல."

நிச்சயமான அறிவுச்செல்வனோ பட்டியலில் இன்னும் பெண் தேடிக்கொண்டிருக்கிறார்.

அழகியக்கா சிரிக்கவில்லை. "தெரையில இருந்ததத்தான்டி அவங்ககிட்டப் படிச்சேன். இரு, நானே பேசுறேன்." திருமயத்துக்குப் போன் போட்டுப் பேசினார். "தப்பு எங்க மேலதாங்க. பொண்ணு தங்கம்." நான் ஒரு ஃபைலுக்குப் பின்னால் ஒளிந்தேன். என் உடம்புக்கு ஒரு ஃபைல் போதவில்லை.

ஜூலை 9, புதன்

முதல் அடைப்பு: அன்புமொழி. இரண்டாவது: நிச்சயமாயிற்று. அதே திருமயத்து இடம்தான்.

"ஒரு தடவை பாருங்கக்கா."

கண்ணாடியைப் போட்டு எழுத்தெழுத்தாகப் படித்தார் அழகியக்கா. எண்டர் தட்டியது அவர் கை.